சுவர் தாண்டக் கூடாத தண்ணி

எனக்குப் பொறாமை வரும். வராதுன்னு சொல்றவங்க யாரையும் நான் நம்புறதில்ல. சில பேருக்கு நகையப் பாத்தா வரும், சில பேருக்கு அடுத்தவங்க வீட்டுக் காரப் பாத்தா வரும். எனக்குப் புல்லப் பாத்து வந்துச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போங்க. பக்கத்து வீட்டு வாசல்ல பச்சைப்பசேல்னு ஒரு புல்தரையும், அது நடுவுல தண்ணி பீச்சுற ஸ்பிரிங்க்ளரும் இருந்து, உங்க வாசல்ல வெறும் சிமெண்ட்டும் துணி துவைக்கிற கல்லும் மட்டும் இருந்தாத் தெரியும் சங்கதி.

நாங்க இருக்கறது ஓசூர்ல, மத்திகிரி மாட்டுப் பண்ணையத் தாண்டி ஒரு லேஅவுட். எனக்குப் பொறந்த ஊரு காவேரிப்பட்டினம். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததுல இருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டுல தண்ணி வராது, இன்னொண்ணுல வெளிச்சம் வராது. அப்படியே அலைஞ்சு கடைசில சொந்தமா ஒரு வீடு கட்டிக் குடி வந்தோம். எங்க வீட்டுக்காரர் ஒரு பார்ட்ஸ் கம்பெனில மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பம்பு, வால்வு, பைப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனா எங்க வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கும். அதக் கேட்டா, "பாக்கலாம்" அப்படின்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாரு.

நான் ரப்பர் சீல் செய்யற கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன். ஒரு சீல்ல தலைமுடி அளவு கோடு விழுந்திருந்தாலும் எடுத்து ஓரமா போடணும். ஷிஃப்ட் முழுக்க சிமெண்ட் தரைல நின்னுக்கிட்டே பாக்கணும், காலுல சேஃப்டி ஷூ வேற. அதுல வந்ததுதான் இந்தக் குதிகால் வலி. காலைல எழுந்து மொத அடி வைக்கிறப்ப ஆணிய எறக்குன மாதிரி இருக்கும். சுவரப் புடிச்சுக்கிட்டு, "அம்மா, அப்பா"ன்னு எல்லாரையும் கூப்புட்டுத்தான் கக்கூசுக்கே போவேன்.

டாக்டரம்மா சொன்னாங்க, "வெறுங்கால்ல சிமெண்ட்டுல நடக்காதீங்க. மெத்துன்னு புல்லுல நடங்க, நல்லா இருக்கும்." புல்லுக்கு நான் எங்க போறது? மாட்டுப் பண்ணைக்கா? அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, "ஏங்க, எனக்குப் பெரிய தோட்டமெல்லாம் வேணாங்க. சுவரோரமா நாலடி புல்லு இருந்தாப் போதும். சாயங்காலம் வந்ததும் அதுல கால வச்சுக்குவேன்"ன்னு சொன்னேன். அவரு டிவியப் பாத்துக்கிட்டே, "பாக்கலாம்"ன்னாரு.

எங்க லேஅவுட்டுல புல்லு வளக்கறது அவ்வளவு லேசு இல்ல. போர் தண்ணிய ஒரு சொட்டுக் கூட வாசல் புல்லுக்கு விடக் கூடாதுன்னு சங்கத்துல சட்டம். எல்லா வீட்டுலயும் குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி எல்லாம் ஒரு பெரிய தொட்டிக்குப் போயி, அங்க சுத்தமாகி, தனி பைப்புல திரும்பி வரும். அந்தத் தண்ணியத்தான் புல்லுக்கு விடணும், அதையும் ஸ்பிரிங்க்ளர் வச்சு விடணும், அதுக்குச் சங்கத்துல அனுமதி வாங்கணும். எங்க வரிசைல அழுத்தம் கம்மிங்கறதால ரெண்டு வீட்டுக்கு ஒரு வால்வு. ஒரு வால்வுக்கு ஒரு அனுமதிதான். யாரு முதல்ல மனு போடுறாங்களோ அவங்களுக்கு.

"போயி மனு போடுங்க"ன்னு நான் தெனமும் சொன்னேன். இன்னைக்கு ஓவர்டைம், நாளைக்குப் போறேன்னாரு. நாளைக்கு பிரேக்டவுனு. அதுக்கடுத்த நாளு சங்க ஆபீசு பூட்டியிருந்துச்சாம். இப்படியே தள்ளிக்கிட்டு வந்தாரு. ஒரு நாள் நான் கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கி வர்றேன், பக்கத்து வீட்டு வாசல்ல டெம்போ நிக்குது. அதுல இருந்து புல்லப் பாய் மாதிரி சுருட்டிச் சுருட்டி எறக்குறாங்க. மெக்சிகன் புல்லாம்.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொந்த ஊரு அத்திப்பள்ளிப் பக்கம், வீட்டுல கன்னடம் பேசுறவங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவளா இருப்பா. தமிழும் நல்லாப் பேசுவா, ஆனா அவசரம்னாலும் சந்தோஷம்னாலும் வாயில கன்னடம்தான் வரும். என்னை அக்கான்னும், எங்க வீட்டுக்காரரை அண்ணான்னும் கூப்பிடுவா. அவ வீட்டுக்காரர் பெங்களூருல வேலை பாக்குறவரு, ஞாயித்துக்கிழமைதான் வீட்டுல முழுசா இருப்பாரு. நல்ல மனுஷங்கதான். அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. கெட்டவளா இருந்திருந்தா நிம்மதியா திட்டிட்டுப் படுத்திருப்பேன்.

"அக்கா, அனுமதி வந்துருச்சு! நீங்களும் வந்து உக்காருங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க"ன்னு கூப்பிட்டா. என் வீடு மாதிரியாம்! என் வீடா இருந்திருக்க வேண்டியதுடீ அதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். வீட்டுக்குள்ள வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் அடக்கல. "இன்னையோட சொல்றேன், அவ வீட்டுப் பக்கம் நான் தலைய வச்சுப் படுக்க மாட்டேன். அவ புல்லு எனக்கு வேணாம். அவ வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் வாசல்ல விழக் கூடாது"ன்னு கத்துனேன். சமையல்கட்டு ஜன்னல் தொறந்திருந்துச்சு. அவளுக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்னுதான் கத்துனேன்.

ஸ்பிரிங்க்ளர் வந்தப்புறம்தான் கூத்தே ஆரம்பிச்சுது. அது தரைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். காலைல டைமர்ல மணி அடிச்சதும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணா தலைய நீட்டி, 'சிக் சிக் சிக்'னு சுத்தித் தண்ணி பீச்சும். நான் அதுக்குள்ள ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் ஏறிடுவேன், அதனால வார நாள்ல எனக்கு அது கண்ணுல படாது. ஆனா அந்தத் தண்ணில தூசியும் கசடும் ஜாஸ்தி. வாராவாரம் ஃபில்டர் வலையக் கழட்டிக் கழுவணும், நாசில் ஓட்டைல அடைப்பு எடுக்கணும், தண்ணி பீச்சுற ஒவ்வொரு ஹெட்டும் எவ்வளவு தூரம் சுத்துதுன்னு திருப்பி வைக்கணும். பராமரிக்கலன்னா வருஷா வருஷம் சோதனைக்கு வர்ற கமிட்டிக்காரர் அனுமதியப் புதுப்பிக்க மாட்டாரு. இதெல்லாம் யாரு செய்யறது? அவ வீட்டுக்காரருக்கு ஸ்க்ரூ டிரைவரப் புடிக்கவே தெரியாது. "அண்ணா, ஸ்வல்ப நோடி அண்ணா"ன்னு ஒரு குரல் குடுத்தா. கொஞ்சம் பாருங்கண்ணான்னு அர்த்தம். அவ்வளவுதான், எங்க வீட்டுக்காரர் ஓடுனாரு!

ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், பல்லு தேய்ச்ச பழைய பிரஷ்ஷ ஒண்ணு எடுத்துக்குவாரு. அப்புறம் என்கிட்ட வந்து கைய நீட்டுவாரு. எதுக்குத் தெரியுமா? ஊக்குக்கு! என் வளையல்ல கோத்து வச்சிருக்கற ஊக்கு. அது மொனைதான் நாசில் ஓட்டைக்குச் சரியா இருக்குதாம். என் வளையல்ல இருந்து என் ஊக்கக் கழட்டிக்கிட்டுப் போயி, அவ வீட்டு ஸ்பிரிங்க்ளரக் குத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு என் புருஷன். இதப் பாத்து வயிறு எரியாதவ ஒருத்தி இருந்தா அவள எனக்குக் காட்டுங்க, கால்ல விழறேன்.

தப்பா ஒண்ணும் இல்ல, அது எனக்கும் தெரியும். அவ வீட்டுக்காரர் அங்கயே நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. இருந்தாலும் என் வீட்டுல சொட்டுற குழாய்க்கு 'பாக்கலாம்', அங்க மட்டும் கை தானா வேலை செய்யுதே! எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சபதம் போட்டாச்சு. அதனால பின்னாடி சமையல்கட்டுல மசாலா அரைச்சுக்கிட்டே காதை மட்டும் அந்தப் பக்கம் வச்சிருப்பேன்.

அப்பத்தான் அந்த வார்த்தை காதுல விழும். 'சிக் சிக்'ங்கற சத்தத்துக்கு நடுவுல அவ கேப்பா, "அண்ணா, சாக்கா?"

இவரு சொல்லுவாரு, "இன்னும் கொஞ்சம்மா."

கொஞ்ச நேரம் கழிச்சு, "ஈக சாக்கா?" இப்ப சாக்கான்னு கேக்குறா.

"சாக்கும்மா, சாக்கு."

எனக்குக் கன்னடம் பெருசாத் தெரியாது. பஸ்ஸுக்கும் சந்தைக்கும் வேண்டிய அளவுக்குத் தெரியும். ஆனா இந்த வார்த்தை தெரியாதவங்க ஓசூர்ல யாரு இருக்காங்க? இங்க எந்தக் கன்னடக்காரங்க கல்யாணத்துக்குப் போனாலும், வாளியத் தூக்கிக்கிட்டுப் பரிமாற வர்றவங்க எலை முன்னாடி நின்னு கேக்குறதே அதுதான். சாக்கா? போதுமா? நாம கையக் குறுக்க நீட்டி சாக்கு, சாக்குன்னு சொல்லுவோம். எனக்கு அது சோத்துக்கான வார்த்தை. வேற எதுக்கும் நான் அத யோசிச்சதே இல்ல.

ஆக, எங்க வீட்டுக்காரருக்கு அங்க பந்தி நடக்குது. என்னவா இருக்கும்? சித்ரான்னமா இருக்கும். இல்லன்னா ஒப்பட்டா இருக்கும், அதான் நம்ம போளி, அவருக்கு ஒப்பட்டுன்னா உயிரு. "இன்னும் கொஞ்சம்மா"ன்னு கேட்டு வாங்கித் திங்குறாரு! என் வீட்டுல இன்னும் கொஞ்சம்னு அந்த மனுஷன் கேட்டு நான் கேட்டதே இல்ல. ரெண்டாவது கரண்டி குழம்பு ஊத்தப் போனாலே "போதும்"னு கையால மறைப்பாரு. அங்க மட்டும் எலையப் பெருசா விரிக்கிறாராக்கும்!

ஒரு ஞாயிறு நானும் ஒப்பட்டு போட்டேன். கடலைப்பருப்ப வேக வச்சு, வெல்லம் போட்டுப் பூரணம் புடிச்சு, காலு வலியோட அடுப்படில நின்னு சுட்டேன். எனக்கு அது என்னைக்குமே மெத்துன்னு வந்ததில்ல, அன்னைக்கும் வரல. அவரு ஒண்ணு தின்னாரு. ரெண்டாவது வச்சேன். "போதும், போதும்"னு எழுந்து கை கழுவப் போயிட்டாரு. மிச்சத்த நானே உக்காந்து மூணு நாளு தின்னேன். தின்னுக்கிட்டே அவள நினைச்சுக்கிட்டேன்.

இப்படி நான் வெந்துக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. எங்க பக்கத்துச் சுவரோரமா, சிமெண்ட் போடாம விட்ட மண்ணுல, அருகம்புல்லு துளிர் விட்டுச்சு. நான் வெதைக்கல, தண்ணி ஊத்தல. தானா வந்துச்சு. பக்கத்துல துவைக்கிற கல்லு இருக்கறதால அந்த எடம் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கும், அதுல வந்திருக்கும்னு நினைச்சேன். மாசம் போகப் போக சுவர் மூலைல ஆரம்பிச்சுப் பாதி தோசை மாதிரி வளைவா விரிஞ்சு நல்லாப் படர்ந்துருச்சு. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் ஷூவக் கழட்டி எறிஞ்சுட்டு, துவைக்கிற கல்லு மேல உக்காந்து, ரெண்டு காலையும் அந்தப் புல்லுல வைப்பேன். ஐயோ, அந்த சுகத்த எப்படிச் சொல்லுவேன்! குதிகால்ல இருந்து வலி அப்படியே மண்ணுக்குள்ள எறங்கிப் போற மாதிரி இருக்கும்.

விட்டனா நான்? சுவருக்கு அந்தப் பக்கம் அவ நின்னப்ப வேணும்னே குரல ஒசத்திச் சொன்னேன். "உனக்கு டைமர் வேணும், ஃபில்டர் வேணும், சங்கத்து அனுமதி வேணும். எனக்குப் பாத்தியா, எதுவும் வேணாம். பிள்ளையாரா பாத்து விட்ட புல்லு!"

அவ முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. "ஹௌதக்கா, ஆமாக்கா, உங்க புண்ணியம்"னா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல. இருந்தாலும் ஜெயிச்சது நான்தானேன்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமையானா அந்தப் புல்லுல ஒரு கொத்துக் கிள்ளிப் பிள்ளையார் படத்துக்கு வச்சேன். தண்ணி காட்டாம வளந்த புல்லு, எவ்வளவு விசேஷம்னு எனக்குள்ள ஒரே பெருமை.

எங்க வீட்டுக்காரர் அந்தச் சமயத்துல துணிக் கொடிய வாசல்ல இருந்து கழட்டி மாடில கட்டுனாரு. "மேல நல்லா வெயில் அடிக்கும்"னாரு. கேக்காமலே ஒரு வேலை செஞ்சாரேன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மாடி ஏறக் காலு வலிச்சாலும் ஒண்ணும் சொல்லல.

சங்கத்துச் சோதனை வர்ற வாரம் எனக்குக் காலு தரைல வைக்க முடியல. லீவு போட்டேன். காலைலயே கம்பெனி யூனிஃபார்மத் தொவைச்சேன். மாடி ஏற முடியாததால வாசல்ல ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் ஒரு கயித்தக் கட்டி அதுலயே போட்டுட்டு உள்ள வந்து, உப்புப் போட்ட வெந்நீர்ல கால முக்கிக்கிட்டு உக்காந்தேன். வெளிய 'சிக் சிக்'னு சத்தம் வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போயி யூனிஃபார்ம எடுத்தா, ஒரு பக்கம் பூராவும் மஞ்சளாப் புள்ளி புள்ளியா கறை. மோந்து பாத்தேன். தொட்டித் தண்ணி நாத்தம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! கூடவே சந்தோஷமும் வந்துச்சு. அந்த அனுமதில முதல் நிபந்தனையே அதுதான்: தண்ணி சுவர் தாண்டி அடுத்த வீட்டுல விழக் கூடாது. நான் ஒரு இன்ஸ்பெக்‌ஷன்காரி. கோடு விழுந்த பீஸ் கையில கெடைச்சா சும்மா விடுவேனா?

மறுநாள் கமிட்டிக்காரர் வந்தாரு. ரிட்டயர் ஆனவரு, திருநெல்வேலிப் பக்கம். ஃபில்டரப் பாத்தாரு, டைமரப் பாத்தாரு, எல்லாம் சுத்தமா இருக்குன்னு தலையாட்டினாரு. கூட எங்க வீட்டுக்காரர் கையில என் ஊக்கோட பணிவா நிக்கிறாரு. அவ பக்கத்துல நிக்கிறா. கடைசியா சுவருக்கு மேல என்னைப் பாத்து, "ஏம்மா, ஒங்க பக்கம் தண்ணி கிண்ணி வருதா?"ன்னு கேட்டாரு.

நான் யூனிஃபார்ம எடுத்துக்கிட்டுத் தயாராத்தான் நின்னேன். கறையக் காட்டி, "இது என்னன்னு நீங்களே பாருங்க சார்"னேன்.

எங்க வீட்டுக்காரர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "துணில எப்படிப் பட்டுச்சு? கொடிதான் மாடில இருக்கே?"ன்னு கேட்டாரு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஓஹோ! அதுக்குத்தான் கொடிய மாடிக்கு மாத்துனீங்களா? அவ வீட்டுத் தண்ணி தாண்டுறது எனக்குத் தெரியக் கூடாது, அவளுக்கு அனுமதி போயிரக் கூடாது, அதுக்காக நொண்டிக் காலோட நான் மாடி ஏறணும், அப்படித்தானே? அவளப் பாத்தேன். அவ இவரப் பாத்தா. இவரு அவளப் பாத்தாரு. அந்தப் பார்வையப் பாத்ததும் எனக்கு நெஞ்சுக்குள்ள திகுதிகுன்னு எரிஞ்சுது. "எல்லாம் தெரிஞ்சே நடக்குது சார். எழுதிக்குங்க"ன்னு கத்துனேன்.

மூலைல இருந்த ஒரு ஹெட்டுதான் சுவரப் பாத்துத் திரும்பியிருக்குன்னு கமிட்டிக்காரர் கண்டுபிடிச்சாரு. "இத இப்பமே அடைச்சிருங்க. இன்னொரு தடவ தாண்டுச்சுன்னா மொத்த அனுமதியும் போயிரும், பாத்துக்கிடுங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரர்தான் குனிஞ்சு அந்த ஹெட்டக் கழட்டி மூடி போட்டாரு. அவ, "பரவாயில்ல அண்ணா"ன்னு மட்டும் மெதுவாச் சொன்னா. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

அந்த மூலைல அவ புல்லு எப்பக் காயும்னு தெனமும் சாயங்காலம் எட்டிப் பாத்தேன். சபதமெல்லாம் காத்துல போச்சு. ஆனா அவ புல்லுக்கு ஒண்ணும் ஆகல. சுவர் வரைக்கும் பச்சைப்பசேல்னு அப்படியே இருந்துச்சு. காஞ்சது என் புல்லு. முதல்ல நுனி வெளுத்துச்சு. அப்புறம் ஓரத்துல இருந்து மஞ்சள் ஏறிக்கிட்டே வந்துச்சு. துவைச்ச தண்ணிய அள்ளி ஊத்துனேன், சோப்புல இன்னும் மோசமாச்சு. போர் தண்ணி விடக் கூடாது. காலு வச்சா மொறுமொறுன்னு குத்துச்சு. என்னடா இது, பிள்ளையார் கைவிட்டுட்டாரான்னு நினைச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் ஊக்கு கேக்கல. வாசப்படில சும்மா உக்காந்திருந்தாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன, இன்னைக்கு அங்க பந்தி இல்லையா?"ன்னேன்.

"என்ன பந்தி?"

"சாக்கா, சாக்கான்னு கேட்டுக் கேட்டு ஊட்டுனாளே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வாங்கித் தின்னீங்களே. எனக்குக் காது கேக்கும்."

அவரு சிரிக்க ஆரம்பிச்சாரு. அந்த மனுஷன் சத்தம் போட்டுச் சிரிக்கறத நான் பாத்து வருஷம் ஆச்சு. "அடிப்பாவி, அவ ஒரு டம்ளர் காப்பி கூட குடுத்ததில்ல"ன்னாரு. "தண்ணிக்குக் கேட்டாடீ. மூலை ஹெட்ட அவ திருப்புவா. நம்ம பக்கம் தண்ணி எட்டுதான்னு நான் இங்க நின்னு பாப்பேன். போதுமான்னு கேப்பா, சொல்லுவேன்."

நான் புல்லப் பாத்தேன். காஞ்ச எடம் பாதி தோசை மாதிரி வளைவா இருந்துச்சு, அதோட முனை சுவர் மூலைல, சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஹெட்டு இருந்த எடத்துக்கு நேரா. முடி அளவு கோட்டக் கண்டுபிடிக்கற கண்ணாம் எனக்கு! இவ்வளவு பெரிய வளைவு வாசல்ல கெடந்தது தெரியல.

"சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கத்துனேன். அழுகை வந்துச்சு, அதனால இன்னும் சத்தமாக் கத்துனேன்.

"சொன்னா நீ அந்தத் தண்ணி வேணாம்னு இருப்ப. ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு கத்தல? அதுவும் இல்லாம சட்டத்துக்கு விரோதம். உன் வாயில விழுந்தா லேஅவுட்டுக்கே தெரிஞ்சுரும்." அதுக்கப்புறம் அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "மனு போடாம விட்டது நான்தானே. அதான் அந்தம்மாகிட்டப் போயிக் கேட்டேன். சரின்னாங்க."

சாக்கடையச் சுத்தம் பண்ணுன தண்ணில வளந்த புல்லையா நான் வாராவாரம் பிள்ளையாருக்கு வச்சேன்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சாரு. நான் சிரிக்கல, எழுந்து உள்ள போயிட்டேன்.

அடுத்த நாளு சாயங்காலம் நான் துவைக்கிற கல்லுல உக்காந்து, காஞ்ச புல்லு மேல கால வச்சுக்கிட்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. அவ அது மேல ஏறி நின்னா, இடுப்புல பிளாஸ்டிக் குடம். "அக்கா, அனுமதில ஸ்பிரிங்க்ளர் பத்தித்தான் எழுதியிருக்கு. குடத்தப் பத்தி ஒண்ணும் எழுதல"ன்னு சொல்லிக் குடத்தச் சுவர் மேல வச்சுச் சாய்ச்சா. தண்ணி சுவர்ல வழிஞ்சு என் காலு வரைக்கும் வந்துச்சு.

நான் அவ மூஞ்சியப் பாக்கல. "உனக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு மட்டும் கேட்டேன்.

"அண்ணாவப் பாத்தப்புறம் எப்படிக்கா முடியாதுன்னு சொல்றது?"ன்னா அவ. "நீங்க பாத்திருக்கணும் அக்கா. ஒவ்வொரு வாரமும் செருப்பக் கழட்டிட்டு உங்க பக்கம் வந்து, கண்ண மூடிக்கிட்டு, அந்தப் புல்லுல குதிகால வச்சு வச்சுப் பாப்பாரு. எங்கயாவது குத்துனா, இன்னும் கொஞ்சம்மா, இங்க மெத்துன்னு ஆகலைம்பாரு. எங்க வீட்டுக்காரர்கிட்டக் கூடக் காட்டுனேன், இப்படி ஒரு மனுஷனப் பாருங்கன்னு."

நான் பாக்கல. பத்தடி தூரத்துல மசாலா அரைச்சுக்கிட்டு இருந்தேன். என் புருஷன் எனக்காகக் கண்ண மூடிக்கிட்டு வெறுங்காலோட நின்னத வாராவாரம் பாத்தவ அவ. அவ புருஷனும் நாற்காலில உக்காந்து பாத்திருக்காரு. பாக்க வேண்டிய நான் மட்டும் பாக்கல. இதுவரைக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. புல்ல அவ திருப்பிக் குடுத்துருவா, குடம் குடமாக் குடுப்பா. அந்த ஞாயித்துக்கிழமைகள அவளால எனக்கு எப்படிக் குடுக்க முடியும்?

குடம் காலியாச்சு. அவ நாற்காலில இருந்தே குனிஞ்சு என் காலப் பாத்தா.

"சாக்கா, அக்கா?"

நான் கால இன்னும் கொஞ்சம் நீட்டிக்கிட்டேன். "சால்து"ன்னேன். போதாதுன்னு அர்த்தம். அவ எறங்கி அடுத்த குடம் கொண்டு வரப் போனா.